நாற்பது என்று சொன்னவன்

கொல்லிமலை, பெரக்கரை நாடு
யுவ வருஷம் தை மாதம்

சைகோனில் இருக்கும் என் மகன் சாமியப்பனுக்கு ஆத்தாள் கண்ணாயி சொல்லி எழுதுவது. எட்டுக்கை அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பனும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று சொல்ல இந்த வருஷம் வாய் வரவில்லை. நீயாவது அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. மிளகு பறிக்கத் தொடங்கிவிட்டோம், கொடிகள் நன்றாகவே காய்த்திருக்கின்றன. உன் மாமன் சுப்பண்ணன்தான் இதை எழுதுகிறான். சில வார்த்தைகளை எழுதக் கை கூசுகிறது என்கிறான், சொன்னதைச் சொன்னபடி எழுது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் மாணிக்கம் உனக்கு அழுது எழுதியதையும், நீ மனம் இளகி, போனது போகட்டும் ஆத்தா, கோர்ட்டில் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு என்று கேட்டதையும் சுப்பண்ணன் படித்துக் காட்டினான். உன் தங்கச்சி பாப்பாயி காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று கேட்டுவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்.

அவள் காப்பி பறிக்கப் போன தோட்டத்தில் காய்ச்சல் நூறைத் தாண்டினால்தான் கொயினா மாத்திரையும் லீவும் கொடுப்பார்கள். ஐப்பசி மழையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கியவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். மாணிக்கம் கண்ணாடிக் குழாயை அவள் வாயில் வைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நாப்பதுதானுங்க ஆத்தா. நூறு எங்கே, நாப்பது எங்கே? வேலைக்குப் போவச் சொல்லுங்க" என்றான். உடம்பு கொதிக்குதுங்களே என்றேன். "உங்க கை சொல்றதை நம்பறதா, கண்ணாடி சொல்றதை நம்பறதா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். அவள் அந்த மழையில் கூடையைச் சுமந்தாள். மறுபடி போனபோதும் அதே நாற்பது, அதே சிரிப்பு.

நினைவு தப்பிய பிறகு உன் அப்பனும் பக்கத்து வீட்டுச் செல்லமுத்துவும் கம்பில் தூளி கட்டி அவளை மலையிறக்கினார்கள். அடிவாரத்திலிருந்து வண்டி வைத்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு நூற்றைந்து என்றார். எங்க தோட்டத்திலே நாற்பதுதானுங்க இருந்தது என்றேன். அந்த அம்மாதான் விளக்கிச் சொன்னார். காய்ச்சல் ஒன்றுதான், அளக்கிற கணக்கு இரண்டு. ஒரு கணக்கில் தண்ணீர் உறைவது முப்பத்திரண்டு, கொதிப்பது இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னொன்றில் உறைவது பூஜ்யம், கொதிப்பது நூறு. இந்த நாற்பதை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினால் நூற்று நான்கு. "அந்தக் கணக்கிலே நூறுக்குக் காத்திருந்தா மனுசன் வெந்தே போயிடுவான் அம்மா" என்றார். இரவும் பகலும் பாடுபட்டுப் பார்த்தார். மருந்து ஏற உடம்பில் தெம்பு இல்லை. பாப்பாயி என் மடியிலேயே போய்விட்டாள்.

நான் அழவில்லை சாமி. அழுதால் ஆத்திரம் கரைந்துவிடும் என்று அடக்கிவைத்தேன். கொடுவாளைத் தீட்டினேன், உன் அப்பன் பிடுங்கிக்கொண்டார். அதுவும் நல்லதுதான், வெட்டியிருந்தால் ஒரு நொடியில் தப்பித்திருப்பான். காலையில் ஆட்கள் வேலைக்கு வரிசை நிற்கும் நேரத்தில் போய்த் தோட்டத்துத் துரை முன்னால் நின்றேன். மகளுக்கு வைத்த கண்ணாடியை இவர் வாயிலே இப்போ வைக்கச் சொல்லுங்க என்றேன். மாணிக்கம் மறுத்தான், துரை அதட்டி வைக்கச் சொன்னார். முப்பத்தேழு. என் வாயில் வைத்தார்கள், முப்பத்தேழு. துரை தன் வாயிலும் வைத்துப் பார்த்தார், அதே முப்பத்தேழு. "சுகமா நிக்கிறவங்களுக்கே முப்பத்தேழுதான்னா, நூறு யாருக்குங்க வரும்? பொணத்தை எரிக்கையிலே வருமா?" என்று கேட்டேன். நூறு காட்டற பழைய கண்ணாடி உடைஞ்சு போச்சுங்க, இது காரைக்கால் பக்கத்துப் பிரெஞ்சுச் சரக்கு, எனக்குக் கணக்குத் தெரியலைங்க என்று உளறினான். அவன் வீட்டைச் சோதித்தார்கள். பழைய கண்ணாடி முழுசாக அவன் பெட்டிக்குள் இருந்தது. தன் பிள்ளைக்கு அதில்தான் பார்த்திருக்கிறான். நமக்குக் கொடுக்காத கொயினா சந்தைக்குப் போகத் தயாராக மூட்டையாய் இருந்தது. தெரியாமல் செய்தவன் இல்லை கண்ணு, இரண்டு கணக்கும் தெரிந்து செய்தவன்.

போலீஸ் வருவதற்கு முன்னால் நம் வாசலில் வந்து விழுந்தான். "ஆத்தா, உங்க மவனாட்டம் நெனைச்சு மன்னிச்சிருங்க" என்றான். என் மகன் பேச்சை உன் வாயால் எடுக்காதே என்று கதவைச் சாத்தினேன். அதன் பிறகுதான் உனக்கு எழுதியிருக்கிறான். உன் கடிதம் கடல் தாண்டி வருவதற்குள் வழக்கு முடிந்துவிட்டது, முன்பே வந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். கோர்ட்டில் அவன் வக்கீல், படிக்காத பொம்பளைக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும் என்றார். மகளைப் பறிகொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேனுங்க என்றேன். மாணிக்கத்துக்கு ஜெயில். அதுவும் மருந்து திருடியதற்குத்தான், பாப்பாயிக்காக இல்லை. அது எனக்குப் போதவில்லை. விலங்கோடு கொண்டுபோகும்போது அவன் தலை நிமிர்வானா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிரவில்லை.

போன வாரம் அவன் பெண்டாட்டி பொன்னம்மாள் வந்தாள். தோட்டத்து வீட்டிலிருந்து வெளியேற்றிய பிறகு அரியூர் நாட்டில் யாரோ கொடுத்த குடிசையில் இருக்கிறாள். இடுப்பில் பிள்ளை, அதற்குக் குளிர்காய்ச்சல். வேற எங்கேயும் மருந்து குடுக்கலைங்க என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். டாக்டரம்மா பாப்பாயிக்கென்று கொடுத்த கொயினாவில் மிச்சம் என்னிடம் இருந்தது. பிள்ளைக்கு எவ்வளவு என்று அவர் அப்போது பேச்சோடு சொன்னதும் நினைவிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சுப்பண்ணன் இதை இரக்கம் என்று எழுதப் பார்த்தான், அடித்துவிடச் சொன்னேன். பொன்னம்மாளிடம், ஜெயிலுக்குப் போய் உன் புருசனைப் பார், கண்ணாயி மருந்து கொடுத்தாள், எத்தனை டிகிரி என்று அவள் கேட்கவே இல்லை என்று சொல், இதே வார்த்தையில் சொல் என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அது ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு என் மகள் ஞாபகம் வரவேண்டும். சோறு தொண்டையில் நிற்கவேண்டும். ஜெயில் தராததை நான் தந்துவிட்டேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே, கொசுவலை இல்லாமல் படுக்காதே. அதுவும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று சொன்னால் சின்ன எண்தானே என்று எழுந்து வேலைக்குப் போய்விடாதே. நல்ல இடத்தில் பெண் அமைந்து, பிள்ளைகுட்டியோடு நீ நீண்ட ஆயுசாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். பங்குனிக்குள் ஒரு முறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ, உன் அப்பன் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. மாணிக்கம் மறுபடி உனக்கு எழுதினால் பிரிக்காமல் அடுப்பில் போடு. அவனுக்கு நீ ஒரு வரி பதில் போட்டாலும் என் முகத்தில் விழிக்காதே.

இப்படிக்கு,
உன்னையும் பாப்பாயியையும் பெற்ற ஆத்தாள்
கண்ணாயி