எர்ணாவூர் திருப்பத்தில் உன் பாட்டில்

கொடியில் காயும் கறுப்புப் பனியனில் வெள்ளைக் கோடுகள். என் வியர்வையின் உப்பு. உன் பனியன் ஒருநாளும் இப்படிக் காய்ந்ததில்லை.

முதலில் அதைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். ஓடத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் நீ நனைந்துவிடுவாய். எனக்கு வியர்க்கவே நேரமாகும். அதற்குள் காது கொதிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெயிலுக்குப் பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், உப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைக் கல்லூரியில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். நீ படிக்கவில்லை. காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி வெல்டிங் அடித்த உடம்பு தானே கற்றிருந்தது.

"தொட்டி உள்ள கீற சூட்டுக்கு இதெல்லாம் காத்து மாமு," என்பாய், மே மாத வெயிலில்.

அந்த மே மாதம்தான் தேர்வு ஓட்டம். மாவட்ட அணியில் ஒரே இடம். திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூர் போய்த் திரும்ப வேண்டும். திருப்பத்தில் அவரவர் பாட்டில், பெயர் எழுதி.

உன்னை முந்துவதற்காக ஆரம்பத்திலேயே வேகமெடுத்தேன். திருப்பத்துக்கு முதலில் வந்தது நான். என் பாட்டிலைக் குடித்தேன். பிறகு உன்னுடையதைத் திறந்தேன். ஏதோ ரகசியம் வைத்திருப்பாய் என்று நினைத்தேன். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி. முழுவதையும் குடித்தேன். தாகத்தால் அல்ல.

வயிறு குலுங்கக் குலுங்கத் திரும்பினேன். கடைசிக் கிலோமீட்டரில் பின்னால் உன் காலடி. கடந்து போனாய். அந்த வெயிலில் உன் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. வெயில் தாக்கி விழுவதற்கு முன் வரும் அறிகுறி என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ விழக் காத்திருந்தேன்.

நீ விழவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிக் குனிந்து நின்றாய். யாரோ உன் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் நிமிர்ந்தாய்.

"கஞ்சில உப்பு கரீட்டா இருந்துச்சா மாமு?"

சிரித்தபடிதான் கேட்டாய். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அப்படி இருக்க முடிந்ததற்காகவும் உன்மேல் பொறாமைப்பட்டேன்.

மறு வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் சந்தில் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று யோசித்தேன். அழுதுகொண்டேதான்.

இப்போது ஞாயிறுகளில் மட்டும் ஓடுகிறேன். மற்ற நாட்களில் ஏசி அறை. வாரம் ஒரு நாள் வெயில் போதாது, உடம்பு மறந்துவிடுகிறது. பனியனில் கோடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இடுப்புப் பையில் இரண்டு சின்ன பாட்டில்கள். இரண்டிலும் கஞ்சி. எர்ணாவூர் திருப்பத்தில் என்னுடையதைக் குடிக்கிறேன். மற்றதைக் கடலோரக் கல்மேல் உனக்கென்று வைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அதையும் நானே குடித்துவிடுகிறேன்.