தடைக்குத் தள்ளத் தெரியாது

குறிகட்டுவான் துறைக்குச் சற்று முன்னால் படகின் எஞ்சினை நிறுத்தினார்கள். டீசல் மணம் மட்டும் எங்களோடு வந்தது. படகு தன்பாட்டில் வழுக்கியது. நீ வழமையாக இருக்கும் இடத்தில் இன்று யாரோ ஒரு மூட்டை வெங்காயத்தை வைத்திருந்தார்கள். நான் பௌதிகவியல் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை. பல்கலைக்கழகம் போக விரும்புகிறவர் நான்காம் முறை தோற்றுப்போக இந்த நாட்டில் அனுமதி இல்லை.

அந்தக் கணக்கை நீ மறந்திருக்கமாட்டாய். விநாடிக்குப் பத்து மீற்றர் வேகத்தில் தரையில் வழுக்கும் பெட்டி, மாறாத தடை, வேகம் குறையும் வீதமான அமர்முடுகல் இரண்டு. எட்டு விநாடியில் எவ்வளவு தூரம் போகும் என்று ரியூசன் சேர் கேட்டார். நீ சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பதினாறு என்றாய். பெட்டியோ ஐந்தாவது விநாடியிலேயே, இருபத்தைந்து மீற்றரில் நின்றுவிட்டிருந்தது.

"அப்ப மிச்ச ஒன்பது மீற்றரும்? பெட்டி வீட்டை திரும்பிப் போட்டுதோ பிள்ளை?"

"ஓம் சேர். எங்கட துறையில எஞ்சினை நிப்பாட்டினால் படகு கொஞ்சம் போய்ப் பிறகு பின்னுக்கு வாறது."

"அது நீரோட்டம் தள்ளுறது. தரைக்குத் தள்ளத் தெரியாது. மறிக்க மட்டுந்தான் தெரியும்."

பட்டணத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நயினாதீவில் இருந்து படகேறிப் படிக்க வருகிறவள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. எனக்கும் பதினாறுதான் வந்திருந்தது. நல்லவேளையாக என்னைக் கேட்கவில்லை.

இரண்டாம் முறையும் நாம் இருவரும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றோம். பெறுபேறு வந்த கிழமை, படகில் அயல்வீட்டு மாமி நமக்கு முன்னால் வந்து அமர்ந்தார். தீவில் காற்றுகூடத் திசை மாறும், மாமி மாறுவதில்லை.

"இனியும் எடுக்கப் போறியளோ? பேசாமல் கனடா மாப்பிள்ளையளுக்குப் படத்தை அனுப்புங்கோவன்."

"அனுப்பலாம் மாமி. அவையளுக்கும் பௌதிகம் பாஸோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றாய். இறங்கும்போது என் காதுக்குள் சொன்னாய்: "எடி, மறிக்கிற ஆக்கள் மறிக்கட்டும். அவையளுக்குத் தள்ளத் தெரியாது. பின்னுக்குப் போறதெண்டால் நாங்களாத்தான் போகவேணும்."

அன்றே இருவரும் மூன்றாம் முறைக்கு விண்ணப்பித்தோம். பிறகு வந்த மாரிமழைக் காலத்தில் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் பலரும் உன் படிப்பு வீணாய்ப் போனதென்று அழுதார்கள். எனக்கு அந்தப் பதினாறுதான் ஞாபகம் வந்தது. நின்றுபோனவள் வந்த தூரத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நீ எட்டிய இடம் எட்டிய இடந்தான்.

இன்றைக்கும் மாமி படகில் இருந்தார். "பாவம், அவளும் போட்டாள். நீ தனியச் சோதனை எடுத்து என்ன செய்யப் போறாய்?"

"எடுத்துப்போட்டு வந்து சொல்லுறன் மாமி" என்றேன்.

அமர்முடுகல் கணக்கென்றால், பொருள் எப்போது நிற்கும் என்பதை முதலில் கண்டுபிடித்துத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டே மற்றதைத் தொடுகிறேன். உன் பிழை எனக்குத் தந்த பழக்கம் அது. நான் நிற்கும் நேரத்தை மாமி எப்போதோ எழுதிவிட்டார். நான் இன்னும் எழுதவில்லை.