வீட்டுக்கு நடத்தி வரும் அடி

ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்
சௌமிய வருடம், மாசி மாதம்

என் கண்ணான மகன் குமாரவேலுக்கு அம்மா தன் கையால் எழுதுவது. இங்கே உன் அப்பாவும் உன் தங்கை காந்தாவும் நானும் இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், தறி ஓடுகிறது, அம்மன் புண்ணியத்தில் யாரும் படுக்கையில் இல்லை. நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் நாங்கள் சௌக்கியம் என்று எழுத எனக்குக் கை வரும். நான் மூணாங் கிளாசோடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. எப்போதும் நான் சொல்லக் காந்தா எழுதுவாள். இந்த முறை அவளிடம் கொடுக்கவில்லை. கல்யாணப் பெண், பயந்துவிடுவாள். நீயும் இதை அவசரமாகப் படித்து மடித்து வைத்துவிடாதே ராஜா, கடைசி வரைக்கும் படி.

உன் கடிதமும் பேப்பரில் வந்த போட்டோவும் போன வாரம் வந்து சேர்ந்தன. நீ எழுதின சங்கீதத்தைப் பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய ஹாலில் அறுபது பேர் பிடிலும் குழலும் வைத்துக்கொண்டு வாசிக்கப் போகிறார்கள், அதில் நம்ம ஊர்ப் பம்பையடியையும் திரௌபதியம்மன் கோயில் கூத்தில் கிறுகிறுவென்று சுற்றுகிற ஆட்டத்தையும் வைத்திருக்கிறாய், ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆடப்போகிறாள் என்று காந்தா படிக்கப் படிக்க உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காட்டிவிட்டு வந்தார். நெசவுக்காரன் பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டு ஜெர்மனி வரைக்கும் போயிருக்கிறானே என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போட்டோவில் உன் சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொளதொளவென்று இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் காந்தா அந்த வரிக்கு வந்தாள். இந்தப் பாட்டில் நான் கூப்பிடுவது நம்ம குழலியைத்தான் அம்மா, பம்பைக்காரர் பேர் சொல்லி அழைக்கிற இடத்தில் அவள் பேரை வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கூடப்பிறந்து செத்துப்போனவள் பேர் வந்ததும் காந்தா கடிதத்தை மடியில் கவிழ்த்துவிட்டாள். நான் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன்.

குமாரு, அது எந்த அடி என்று உனக்கு நினைவு இருக்கிறதா? நீ கடைசியாகச் சித்திரையில் வந்திருந்தபோது எதிர்வீட்டில் கல்யாணம். கன்னியாகவே செத்துப்போன அவர்கள் மகளைக் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியாக, வீட்டுத் தெய்வமாக அழைக்கச் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போனார்கள். நீ டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாய். குழலிதான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தர்மண்ணே, பாத்து அடி, ஜெர்மனிக்காரன் கேக்கப் போறான்" என்றாள். ஐயம்பேட்டை தர்மன் சிரித்துவிட்டுப் பம்பையை அடித்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், அந்தப் பெண்ணும் அவளுடைய சின்னம்மா மேல் வந்து இறங்கினாள். அதோடு உன் டேப் முடிந்துவிட்டது. "அண்ணா, டேப்பு தீந்துபோச்சு, சக்கரம் சும்மா சுத்திக்கினு இருக்குது" என்று குழலி கத்தினாள். முக்கியமானது வந்துவிட்டது, போதும் என்று நீ சொன்னாய். வந்தவளைக் கலசத்தில் ஏற்றி, அவளை முன்னால் விட்டு, வீட்டுக்கு நடத்திக்கொண்டு வரும்போது தர்மன் வேறு ஓர் அடி அடித்தார். அது உன் பெட்டிக்குள் போகவே இல்லை. அன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் குழலியே காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அவளைக் குளிப்பாட்டி அவளுக்குப் பிடித்த பச்சைத் தாவணியைக் கட்டிவிட்டேன். நீ பார்க்கவில்லை. உனக்கு அவள் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இப்போது நான் எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன். காந்தாவுக்குக் கல்யாணம் கூடிவந்ததால் தையில், பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை காலையில், குழலியை அழைத்துவரக் குளத்துக்குப் போனோம். அவள் வந்து உட்கார்ந்து சரி என்று சொன்னால்தானே வீட்டில் தாலிக்கயிறு வாங்கலாம். தர்மன் அடித்தார். பெற்றவள் நானே என் வாயால் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வெயில் ஏறி மண்டை காய்ந்தது, பிள்ளை வரவில்லை. உன் லோகாம்பாள் அத்தைதான் பொறுக்கமாட்டாமல் தலையை ஆட்டிக்கொண்டு, "வந்துட்டேன், பூரணக் கொழுக்கட்டை குடு" என்றாள். நான் நேராகவே கேட்டுவிட்டேன், குழலி எப்போது தேங்காய் தின்றாள், ஒரு சில்லு வாயில் பட்டாலும் உடம்பெல்லாம் தடித்துவிடுமே என்று. உன் அத்தை உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "உன் பொண்ணுக்குச் செத்தும் இவ்வளோ ராங்கியா, நல்ல மனசோட உதவி பண்ண வந்தா இதான் மரியாதை" என்று சேலையை உதறிக்கொண்டு போனாள். கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் கலசத்தை வெறும் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். கோபத்தில் இருக்கிறாளோ, வழி மறந்துவிட்டாளோ என்று நினைத்து நினைத்துத்தான் இத்தனை நாளும் போனது. உன் கடிதம் வந்த பிறகுதான் அவள் எங்கே என்று தெரிந்தது.

நீ எழுதினதைத் திருப்பி எழுதுகிறேன் பார். பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை முதன்முதலாக எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம், பேர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் ஆடுகிற பெண் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், அடுப்பு எரிகிற ஹாலில் குளிருகிறது குளிருகிறது என்றாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, என் சங்கீதத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது அம்மா என்று எழுதியிருக்கிறாய். காந்தா அதைப் படித்துவிட்டு நல்லது என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டி ஒன்றும் காதில் ஏறவில்லை. அதே நாள்தானே ராஜா. நான் குளத்தங்கரையில் தொண்டை கிழியக் கத்திய நாள். நீயும் கூப்பிட்டிருக்கிறாய், அறுபது பேரோடு கூப்பிட்டிருக்கிறாய், அவளுக்கு எப்போதுமே அம்மாவைவிட அண்ணன்தானே. கடல் தாண்டி உன்னிடம் வந்துவிட்டாள். வந்தவளுக்கு அங்கே தண்ணீர் இல்லை, கலசம் இல்லை, மஞ்சள் இல்லை, யாரோ பெற்ற பெண் மேல் இறங்கியிருக்கிறாள், அந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கவும் ஒருவரும் தெரிந்தவர்கள் இல்லை. அந்த ஆடுகிற பெண்ணுக்கு அம்மா இருக்கிறாளா? என்ன பயந்திருப்பாள்.

அதைவிட எனக்கு உன் கவலைதான் பெரிது. தினமும் எழுத உட்காரும் முன் டேப்பைப் போட்டு அவள் குரலைக் கேட்கிறேன், பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது, சாப்பிட மறந்து போகிறது என்கிறாய். பாட்டு முடிகிறபோது ஒவ்வொரு வாத்தியமாக நின்றுபோய்க் கூப்பாடு மட்டும் தனியாக நிற்கும், பதில் வராது, அப்படியே விட்டுவிடுவேன் என்கிறாய். கூப்பிட்டுவிட்டு அப்படியே விடலாமா? வந்தவள் எங்கே போய் நிற்பாள்? கூப்பிட்டவனிடம்தான் நிற்பாள். அவள் கெட்டவள் இல்லை, உன்மேல் உயிர், அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், இன்னொன்றையும் பிரியத்தினாலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டால் நான் எந்தக் குளத்தில் போய் யாரைக் கூப்பிடுவேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "அது சங்கீதம்டி, கூப்பாடு இல்ல, புள்ள சம்பாரிச்ச பேரைப் பேய்க்கதை ஆக்காதே" என்று தறிக்குழியில் இறங்கிவிட்டார். நான் பஸ் ஏறி ஐயம்பேட்டைக்குப் போய்த் தர்மனிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், "இன்னாமா நீ, அதுக்கு பாஸ்போட்டு யாரு குடுத்தாங்க" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அடிக்கத்தான் தெரியும்மா, வர்றதும் போறதும் அவங்க இஷ்டம், கடலு கிடலு எல்லாம் நான் பாத்ததில்ல" என்றார். அவருக்கும் தெரியவில்லை. நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை, அந்த வீட்டுக்கு நடத்தி வருகிற அடியை மட்டும் தொடையில் தட்டிக் காட்டுங்கள் என்றேன். அவர் தட்டினார், நானும் கூடவே தட்டிப் பழகினேன். திரும்பி வரும்போது பஸ் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தேன், கண்டக்டர் நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து விசில் ஊதிவிட்டு என்னைத் திட்டினார். வீட்டில் வந்து அரிசி களைகிறபோதும் தட்டினேன். உன் அப்பாவின் தறிச் சத்தம் நின்றது. குழியிலிருந்து மேலே ஏறி வந்து, "அந்தூர்ல பனி கொட்டுதாமே, அது வெறும் தாவணியோட போயிருக்குது" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து, நீ அவருக்கு அனுப்பினாயே அந்தக் கம்பளிச் சால்வை, ஒரு நாள்கூடப் போர்த்தாமல் வைத்திருந்தார், அதை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

முதலில் அந்தப் பாட்டை வாசிக்கவே வேண்டாம், டேப்பை எரித்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அவள் அங்கே வந்துவிட்டாளே, எரித்துவிட்டால் திரும்பி வர யார் வழி சொல்லுவார்கள்? அதனால் வாசி. நன்றாக வாசி, ஊரே கேட்கட்டும். கூப்பாட்டோடு மட்டும் நிறுத்தாதே. அதற்கு அப்புறம் அந்த நடக்கிற அடியை வை. அதை எனக்கு எழுத்தில் எழுதத் தெரியவில்லை, உன் மாதிரி கோடு போட்டுப் புள்ளி வைக்கவும் தெரியாது. நம்ம தெருக்கோடி வாத்தியார் மகள் மேரிக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் புறப்படுகிறாள், கப்பலில் இல்லை, விமானத்திலேயே. அவள் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன், அந்த அடியையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சர்ச்சில் பாடுகிற பெண், சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "ஆயிடுச்சிம்மா, ஏரோப்ளேன்ல தட்டிக்கினே போறேன், பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து ஓடட்டும்" என்றாள். உங்கள் சாமிக்கு இது ஆகுமா என்று கேட்டேன். "குழலி என் கூடப் படிச்சவம்மா" என்றாள். மேரி வந்ததும் உட்காரவைத்துச் சோறு போடு, பிறகு மேசையில் தட்டச் சொல்லிக் கேள். இரண்டு எட்டு எடுத்து வைத்ததும் ஒரு சின்ன இடைவெளி வரும், முன்னால் போகிறவள் நாம் வருகிறோமா என்று திரும்பிப் பார்ப்பதற்கு. அதைச் சங்கீதத்துக்காக அடைத்துவிடாதே. அவள் திரும்பிப் பார்க்கிற பெண்.

அங்கே காலை பதினோரு மணிக்கு ஆரம்பம் என்றால் இங்கே மூன்றரை மணி என்று காந்தா கணக்குப் பார்த்தாள். அந்த நேரம் நானும் அப்பாவும் தர்மனும் குளத்தங்கரையில் கலசத்தோடு நிற்போம். உன் அத்தையும் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு நிற்பதாக இருந்தால் வரட்டும். நீ ஆடுகிற பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வை, அவள் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேரியை நிற்கச் சொல், விழுந்தால் பிடிக்கட்டும். மேடையில் விடமாட்டார்கள் என்றால் திரைக்குப் பின்னாலாவது ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து, மேரியிடம் கொடுத்தனுப்புகிற மஞ்சளைக் கரைத்து, கூடவே அனுப்புகிற அப்பாவின் சால்வையையும் பக்கத்தில் மடித்து வை. அந்த அடி ஆரம்பித்ததும் அவளைப் பிடித்துவைக்க நினைக்காதே ராஜா. எனக்குத் தெரியும், உனக்கு மனசு வராது. போடி, அம்மா நிற்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல். அன்றைக்கு டேப்பையும் மேரியிடம் கொடுத்துவிடு, அவள் பத்திரமாக வைத்திருந்து காந்தாவின் பிள்ளைகள் கேட்கிற காலத்தில் தரட்டும். முடிந்ததும் ஒரு தந்தி கொடு. சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதினால் போதும், எனக்குப் புரியும்.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே. உன் கை வாசிக்கிற கை, குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே. ஏகாம்பரநாதரும் ஏலவார்குழலி அம்மனும் உன்னை முழுசாக எங்களிடம் திருப்பித் தரவேண்டும், நீ நூறு வயசு இருக்கவேண்டும், உன் அப்பாவும் அப்படியே ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

மறந்துவிடப் போகிறாய், சொம்பின் மேல் தேங்காய் வைக்காதே, வெறும் மாவிலை வை, அங்கே மாவிலை கிடைக்காவிட்டால் ஏதாவது பச்சை இலை. தேங்காயைப் பார்த்தால் அவள் கிட்டவே வரமாட்டாள்.

உன்னை வீட்டு வாசலிலும் அவளைக் குளத்தங்கரையிலும் எதிர்பார்த்து நிற்கும்
அம்மா தில்லையம்மாள்