சேர்ந்து வாசிக்கிறவள்

ஜூலை 8, செவ்வாய்

ஆசிரியர் பயிற்சி முடிந்து ஏறிய பஸ்ஸில் ஷிப்டு விட்ட கூட்டம். நின்றே வந்தேன். கால் வலி. இனி மூன்றாம் வகுப்பில் கோரஸ் கிடையாதாம். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வாசிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று போனில் கணக்கு. உலகம் முழுக்க இதுதான் அளவுகோலாம். "கூட்டத்தோட கோவிந்தா போட்டா படிப்பு வருமா மேடம்?" என்றார் பயிற்சி கொடுத்தவர். நான் சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்ல — இத்தனை வருஷமாக நான் நடத்தியது அப்படித்தான். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வாயை மட்டும் அசைக்கிற பிள்ளைகளை நான் பார்த்ததில்லையா?

ஜூலை 10

தனித்தனியாக வாசிக்க வைத்தேன். கோரஸில் கணீரென்று முதலில் கேட்கும் குரல் இளமதியுடையது. இன்று முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். திக்குகிறது. எனக்கு எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று?

ஜூலை 14

இளமதியின் அம்மா கங்கம்மா கம்பெனி யூனிபார்மோடு வந்தார். "தனியா பேசுனா திக்கும் மிஸ். எல்லாரோடவும் சேந்து சொன்னா தண்ணி மாதிரி வரும். அதனாலதான் இஸ்கூலுக்கு ஆசையா வந்துகினு இருந்தா. இப்போ காலைல ஆனா வவுத்து வலின்றா."

ஜூலை 28, திங்கள்

வாசிப்பு மதிப்பீடு. அதற்காகப் போனோடு வந்த பெண் மெர்சி, இப்போதுதான் காலேஜ் முடித்தவள், நல்ல பெண்தான். இளமதிக்கு ஒரு நிமிடத்தில் நான்கு சொல். நான் கூடச் சேர்ந்து வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "ரூல் இல்ல மிஸ். நீங்க சொல்லித் தர மாதிரி ஆயிடும்."

திரையில் சிவப்பு: வாசிக்கத் தெரியாதவர். நாளையிலிருந்து அ, ஆ படிக்கிற பிள்ளைகளோடு உட்கார வேண்டும். புத்தகம் முழுக்கப் படிக்கிற பிள்ளை! யார்கிட்ட போய் இதச் சொல்றது?

ஜூலை 30

இளமதி வரவில்லை.

ஆகஸ்ட் 4

இன்றும் வரவில்லை. தலைமையாசிரியர் ஆதிகேசவன் சாரிடம் முறையிட்டேன். "டிசம்பர்லதான் அடுத்த டெஸ்டு. அதுவரைக்கும் நம்ம இன்னா பண்ண முடியும் மேடம்?" அவரும் என்னைப் போலவே அலுத்துப்போயிருக்கிறார். சாயங்காலம் கங்கம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்கு அனுப்புங்கள், எல்லாரும் சேர்ந்துதான் வாசிப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

வந்தாள். கதவைச் சாத்திவிட்டு வகுப்பே சேர்ந்து நண்டு கதை வாசித்தது. இளமதிக்கு முன்பெஞ்சு. மற்றப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைத்தபடி பாதியில் கையைக் காட்டினேன். கடைசி பெஞ்சு நிறுத்தியது, பிறகு அதற்கு முந்தின பெஞ்சு. அவளுக்குத் தெரிந்திருக்கும், புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவள் குரலும் என் குரலும் மட்டும்.

நானும் நிறுத்தி, அவள் தனியாக வாசிக்கிறாளா என்று பார்ப்பதாகத்தான் எண்ணம். மனசு வரவில்லை. நண்டு வளைக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு பேருமாகவே வாசித்து முடித்தோம்.