லூசியாவின் நெஞ்சுக்குள்

நவம்பர் 5, 2025, புதன்

காலையிலிருந்து பத்தொன்பது ஸ்கேன். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. அதன் பிறகு மீட்டிங். பழைய சிடி ஸ்கேன் மெஷினை டிசம்பர் கடைசியில் கழற்றிவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்களாம். எனக்குப் பாதித் தூக்கம்.

முடிக்கும்போது மேனேஜர் கிரீஷ், "ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ஸ்பெஷல் பேஷன்ட். யாராவது வர முடியுமா? வயசு நூத்துப் பதினாலு. நாலடி உயரம். மரம்" என்றார்.

மரமா!

பக்கத்து டவுனில், இத்தாலியிலிருந்து இந்த நாட்டுக்குக் குடியேறிய சிசிலிக்காரர்கள் கட்டிய ஒரு சர்ச் இருக்கிறது. அங்கே இருக்கும் புனித லூசியா சிலைக்குக் கழுத்திலிருந்து மார்புவரை விரிசல். டிசம்பர் 13 அவளுடைய திருநாள். தோளில் தூக்கித் தெரு முழுக்கச் சுற்றி வருவார்கள். இந்த வருஷம் தூக்கலாமா, தூக்கினால் தலை கழன்று விழுமா? உள்ளே பார்த்தால்தான் தெரியும். போகப்போகிற மெஷின்தானே என்று ஹாஸ்பிடல் ஒத்துக்கொண்டிருக்கிறது.

யோசிக்கவே இல்லை, கையைத் தூக்கிவிட்டேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பேஷன்ட் வந்ததில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பேஷன்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா? படித்தேன். லூசியா சிசிலித் தீவுப் பெண். ரோம ராஜ்ஜியத்தில் விசுவாசத்துக்காக உயிரை விட்டவள். ஐரோப்பா முழுக்க ஓவியங்களில் கையில் ஒரு தட்டோடு நிற்கிறாள். தட்டில் என்ன தெரியுமா? இரண்டு கண்! குலோப்ஜாமூன் மாதிரி! கொடுமைக்காரர்கள் பிடுங்கினார்கள் என்று ஒரு கதை. அவளே பிடுங்கிக் கொடுத்தாள் என்று ஒரு கதை. முதலில் எழுதப்பட்ட வரலாற்றில் கண்ணே கிடையாது, பேருக்கு 'ஒளி' என்று அர்த்தம் என்பதால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றும் சொல்கிறார்கள். எப்படியோ, கண் வலிக்காரர்கள் எல்லாருக்கும் அவள்தான் துணை.

அனன்யா எட்டிப் பார்த்து, "பட் அம்மா, முகத்துலயும் ரெண்டு கண் இருக்கே. ஸோ ஷி ஹாஸ் ஃபோர்?" என்றாள். பதினாலு வயசுக்கு நல்ல கேள்வி.

நவம்பர் 9, ஞாயிறு

என்ன ஒரு காலை!

சிலையை வேனில் கொண்டுவந்தவர் பேர் சால். சால்வத்தோரே. எழுபத்தெட்டு வயசு, பார்பர். மூன்று மெத்தையில் சுற்றி, சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். கூடவே நோரா, பழைய சிலைகளைச் சீர்செய்கிறவர். சால் என் பேட்ஜைப் பார்த்தார். சாந்தா என்று இருந்தது. "எங்க பாஷைல சாந்தான்னா புனிதர். அவங்க சாந்தா லூச்சீயா, நீங்க வெறும் சாந்தாவா?" வெறும் சாந்தாமணி, மண்ணச்சநல்லூர் என்றேன். ரொம்பச் சிரித்தார்.

கம்ப்யூட்டரில் பதிவு. பாலினம் பெண் என்று போட்டதும், 'கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா' என்று கேட்டது. பதில் போடாமல் மேலே நகராது. 'இல்லை' என்று போட்டேன். "கண்டிப்பா இல்லை" என்றார் சால், சிலுவை போட்டுக்கொண்டு.

படுக்க வைத்து, பஞ்சுத் திண்டு கொடுத்து, பட்டை கட்டி உள்ளே அனுப்பினேன். திரையில் முதல் ஸ்லைஸ், குறுக்கே வெட்டிப் பார்க்கிற மாதிரி. மரத்தின் வளையங்கள்! ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடாக, நுரையீரலும் எலும்பும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் வளர்ந்த கதை. எனக்குப் புல்லரித்தது. தோளில் கொஞ்சம் பூச்சி அரித்த துளைகள். விரிசல் மேலோடு நிற்கிறது. கழுத்து கெட்டி.

மார்புக்கு வந்தபோதுதான் — உள்ளே குடைந்த ஒரு கூடு. அதற்குள் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைக்கும் கீற்று. உலோகம்.

"பழைய ஆணியா இருக்கும்" என்றார் நோரா. சால் "கழுத்து?" என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கு என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

ஆணி அப்படியா இருக்கும்? அத்தனை மெல்லிசாகவா?

நவம்பர் 10, திங்கள்

லஞ்ச் நேரத்தில் சாப்பிடாமல் ஸ்கேனை 3டி படமாகப் போட்டேன். கீற்றைக் குறைத்து, மரத்தை நீக்கி, உலோகத்தை மட்டும் சுழற்றினேன். மெல்லிய தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. ஒவ்வொன்றும் இலை மாதிரி இரண்டு பக்கமும் கூர். நடுவில் வட்டம். வட்டத்துக்குள் புள்ளி.

கத்தியே விட்டேன். கண்மலர்!

சமயபுரத்தில் அம்மன் சந்நிதி வாசலில் வாங்கி உண்டியலில் போடுவோமே, அதே வெள்ளிக் கண்! எனக்கு ஆறாம் வகுப்பில் கண் கட்டி வந்தபோது அம்மா போட்டது. நம்மிடம் இரண்டும் தனித்தனி, இங்கே ஒரே தகட்டில் இரண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணினேன். முப்பத்திரண்டு தகடு.

நோராவுக்கு போன். "நிச்சயமா?" என்று நாலு தரம் கேட்டார். ஐரோப்பாவில் குணமானவர்கள் அந்தந்த உறுப்பை வெள்ளியில் செய்து புனிதருக்குத் தொங்கவிடுவார்களாம். கை, கால், இதயம், கண். "ஆனா வெளியே தொங்கும். நெஞ்சுக்குள்ள பார்த்ததே இல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரிப்போர்ட் கேட்டு சால் கூப்பிட்டார். அடக்க முடியல எனக்கு. சந்தோஷத்துல, "மிஸ்டர் சால், உள்ள இருக்கிறது ஆணி இல்ல, வெள்ளிக் கண்ணு!"ன்னு கத்திட்டேன். டக்குன்னு போனை வெச்சுட்டார்.

ஏன்? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? நல்ல செய்திதானே?

நவம்பர் 11, செவ்வாய்

சால் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன்.

ஆனால் ஒரு படம் பார்த்தேன்! ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியம். தட்டு இல்லை. லூசியா கையில் ஒரு பூங்காம்பு. அதன் நுனியில், மொட்டு விரிந்த மாதிரி, இரண்டு கண்கள். மலரே கண்! என் கணவர் செழியனை எழுப்பிக் காட்டினேன். "சாந்தா, மணி ஆறுகூட ஆகலை" என்றார். இந்த மனுஷனுக்கு ரசனையே கிடையாது.

நவம்பர் 15, சனி

நேரிலேயே போய்விட்டேன். சும்மா எப்படிப் போவது? செழியனை முடி வெட்டக் கூட்டிப் போனேன். கடை சர்ச்சுக்கு நேர் எதிரே. சால் என்னைப் பார்த்தார், செழியனை நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்தினார். கத்தரி நாலைந்து தரம் ஓடியது. பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"1938-ல வந்த பாதிரியாருக்கு இதெல்லாம் பிடிக்கல. சிலை மேல வெள்ளிக் கண்ணு தொங்கறது மூடநம்பிக்கை, எல்லாத்தையும் உருக்கிப் பூசைக் கிண்ணம் பண்ணணும்னார். மறுநாள் பார்த்தா ஒண்ணுகூட இல்லை. சிலைக்கு உடுப்பு மாத்தறது எங்கம்மா அகதா. சாவி அவகிட்ட. இருபத்திரண்டு வயசு. திருடின்னு சொல்லிட்டாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் அந்தச் சர்ச் படி ஏறவே இல்லை. ஐம்பது வருஷம், ஒவ்வொரு டிசம்பர் பதிமூணும் இந்தக் கடை வாசல்ல நின்னு லூச்சீயா போறதைப் பார்ப்பா. நானும் உள்ள போனதில்லை. தெருவுல தூக்குவேன். படி வந்ததும் தோளை மாத்திக் கொடுத்துடுவேன்."

"அப்ப அது கிடைச்சிடுச்சே, சால்! அவங்க எடுக்கலைன்னு —"

"எத்தனை எண்ணினீங்க?"

"முப்பத்திரண்டு."

கத்தரி நின்றது. "காணாமப் போனது முப்பத்தொண்ணு. அம்மா சாகிறவரைக்கும் அந்த எண்ணிக்கையைச் சொல்லுவா. அப்ப அது வேற ஏதோ." திறக்க வேண்டாம் என்றார். "திறந்து உள்ள தகரம் இருந்தா, இந்த ஊர் இன்னொரு தடவை அவளைப் பத்திப் பேசும். எனக்குத் தாங்காது."

கோபமாக இல்லை. பயமாக இருந்தார். வெளியே வந்த பிறகுதான் கவனித்தோம், செழியனுக்கு இடது பக்கம் மட்டும்தான் வெட்டியிருந்தது. திரும்பி உள்ளே போக இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டேதான்.

நவம்பர் 21, வெள்ளி

சால் கூப்பிட்டார்! வேலை நடுவில் காரிடாரில் நின்று பேசினேன். "எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு. தெரியாமலே போறதைவிட, தெரிஞ்சு அசிங்கப்பட்டாலும் பரவாயில்லை. திறங்க" என்றார். சர்ச் கமிட்டியும் சரி என்றுவிட்டது. விரிசலைச் சரிசெய்ய நோரா எப்படியும் பின்பலகையைக் கழற்ற வேண்டுமாம்.

இவ்வளவு நாள் 'திறங்க, திறங்க' என்று குதித்தேன். தகரமாக இருந்தால்? நான்தானே ஆரம்பித்து வைத்தேன்?

நவம்பர் 30, ஞாயிறு

எழுதி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

நோராவின் பட்டறை. நான், சால், கமிட்டியிலிருந்து இரண்டு பேர், அடம்பிடித்து வந்த அனன்யா. சிலை குப்புறப் படுத்திருந்தது. முதுகில் பெயின்ட்டை நோரா சுரண்டிச் சுரண்டி எடுக்க, பலகையின் விளிம்பு தெரிந்தது. ஆணியே இல்லை. ஆறு மர முளைகள். சால் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"எட்டுப் பட்டை" என்றார். "முளையை எட்டுப் பட்டையா சீவுறது எங்கப்பா மட்டும்தான்."

சர்ச்சில் தச்சு வேலை எல்லாம் அவருடைய அப்பாதான். 1940-இல் அகதாவைக் கட்டிக்கொண்டார்.

பலகை வந்தது. உள்ளே ஒரு துணிப் பை, வாய் தைத்திருந்தது. நோரா நூலை வெட்டினார். வெள்ளி! கறுத்துப் போன வெள்ளி. ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைக்க, நான் சத்தமாக எண்ணினேன். சிலதில் புருவம்கூடச் செதுக்கியிருந்தது. பின்பக்கம் பேர்களும் வருஷமும் கீறல் எழுத்தில். 1913. 1920. 1936. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று —

கடைசியில், பையின் வாய்த் தையலோரம் சிக்கி, இன்னொன்று. மற்றதைவிட மெல்லிசு, கரடுமுரடாக வெட்டியது. ஸ்பூனைத் தட்டி நசுக்கிச் செய்திருக்கலாம் என்றார் நோரா. திருப்பினார். படித்தார்.

சால்வத்தோரே. 1951.

சால் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். "எனக்கு நாலு வயசு. மீஸில்ஸ். மூணு வாரம் கண்ணே திறக்கல. பார்வை போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாராம்." பிறகு, "உள்ள போயிருக்கா. அந்தப் படி ஏறியிருக்கா. எனக்காக" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்கள் எங்கே இருக்கின்றன என்று அகதாவுக்குத் தெரிந்திருக்கிறது! ஒரு வார்த்தை சொன்னால் பேர் சுத்தமாகிவிடும். ஆனால் சொன்னால் அத்தனை பேர் வேண்டுதலும் நெருப்புக்குப் போகும். அதனால் திருடியாகவே தெருவில் நின்றிருக்கிறாள். ஐம்பது வருஷம்!

அனன்யா மெதுவாக வந்து சால் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காரில் வரும்போது, "அம்மா, அந்த பாட்டி ரொம்ப... ஐ டோன்ட் ஹாவ் தி வேர்ட்" என்றாள்.

டிசம்பர் 4, வியாழன்

பத்து நிமிஷமாக செழியன் போனில், "முடி இன்னும் பாதிதான் இருக்கு, சால்." அந்தப் பக்கம் சிரிப்பு எனக்கே கேட்கிறது.

டிசம்பர் 13, சனி

குளிர் எலும்பைத் துளைத்தது. ஆனாலும் தெரு கொள்ளவில்லை. பேண்டு வாத்தியம், மெழுகுவர்த்தி, சிவப்பு அங்கியில் லூசியா. மார்பு முழுக்க நீல ரிப்பனில் முப்பத்திரண்டு ஜோடிக் கண்கள். துடைத்த வெள்ளியில் வெயில் அடிக்கும்போது அவள் எல்லாப் பக்கமும் பார்க்கிற மாதிரி இருந்தது! நம் ஊர்த் தேர் நினைவுகூட வரவில்லை, அவ்வளவு இதிலேயே இருந்தேன்.

இன்று ரொட்டியும் பாஸ்தாவும் கிடையாது, அவித்த முழுக் கோதுமைதான். பஞ்ச காலத்தில் அவள் நாளன்று கோதுமைக் கப்பல் வந்ததாம். மாவாக அரைக்கப் பொறுமையில்லாமல் அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் போட்டுக் கிண்ணத்தில் தருகிறார்கள். நான் மூன்று கிண்ணம்.

சால் கடை வாசலில் ஊர்வலம் நின்றது. இப்போதைய பாதிரியார் மைக்கில், "அகதா இங்கே நின்றாள். இந்தச் சபை அவளிடம் மன்னிப்புக் கேட்கிறது" என்றார். அவ்வளவுதான் பேசினார். தொப்பிகள் எல்லாம் கழன்றன.

ஊர்வலம் சர்ச்சுக்குத் திரும்பும்போது, சிலையைத் தூக்கும் முன் தண்டில் சால். படி வந்தது. வழக்கப்படி ஒருவர் தோள் கொடுக்க ஓடி வந்தார். சால் தலையை ஆட்டினார். ஒரு படி. நின்றார். இன்னொரு படி. அப்புறம் கதவுக்குள் போய்விட்டார்கள். கூட்டம் மறைத்துவிட்டது. நான் அழுதுகொண்டே கை தட்டினேன். பக்கத்திலிருந்த அம்மா எனக்கு டிஷ்யூ கொடுத்தார், அவரும் அழுதுகொண்டு.

டிசம்பர் 14, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். சாலிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"சாந்தா, எட்டு மணிப் பூசைக்குப் போனேன். தனியா. எங்க உட்காரணும்னு தெரியல, நடுவுல அப்படியே நின்னுட்டேன். மூணாவது வரிசையில ஒரு அம்மா பக்கத்துல வெச்சிருந்த கைப்பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு எனக்கு இடம் விட்டாங்க."