நல்ல முடிவுக்கும் ஒரு போன்

என்னங்க,

கப்பல் கரை தொடும்போது இது உங்கள் கைக்கு வந்துவிடும்.

எங்கள் கிளினிக்கில் முன்பெல்லாம் பரிசோதனை முடிவு மோசமாக இருந்தால்தான் நோயாளிக்குப் போன் செய்வோம். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் வீட்டில் தவித்துக்கொண்டு கிடப்பார்கள். நல்ல முடிவுக்கும் போன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். "இருக்கிற வேலையே தலைக்கு மேல கிடக்கு, சிஸ்டர்" என்று சலித்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

போன வாரம் பேசும்போது, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டீர்கள். சளி என்றேன்.

இன்று பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து டாக்டரம்மா.

"உங்க ரிசல்ட் வந்திருச்சு. மார்புல இருக்கிறது சாதாரணக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமே இல்ல."

"இதை எழுந்து வந்து சொல்லக் கூடாதா டாக்டர்?"

"சட்டம் போட்டது நீங்கதானே சிஸ்டர்? நல்லதுக்கும் போன்."

கதவு திறந்தே கிடந்தது. ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் நேராகவும் கேட்டேன். அப்படியும் போதவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

சளி சரியாகிவிட்டது. நீங்கள் நிதானமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சண்டைக்காரி