நெட்டையனைக் களவெடுத்த மச்சாளுக்கு

மச்சாள், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாங்கள் வழமையாய்க் குந்துகிற தேத்தண்ணிக் கடைக்கு இன்றைக்குத் தனியப் போனேன். இஞ்சி இடித்த பிளேன்ரீ மணம் வந்ததும் உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

உன் மகள் கனடாவிலிருந்து தொடக்கிவிட்ட விளையாட்டு இது. அமெரிக்காவில் பேஸ்போல் ஆடுகிறவர்களில் ஆளைப் பொறுக்கி, ஆளாளுக்குப் போனில் ஒரு அணி சேர்க்க வேணும். ஒருத்தனை ஒருவர்தான் வைத்திருக்கலாம். அவன் அங்கை நல்லாய் ஆடினால் எங்களுக்கு இஞ்சை புள்ளி. காசுப் பந்தயம் இல்லை, மானம் மட்டும். சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்தாலும் விடாமல் நின்றது நாங்கள் இரண்டு கிழவிகள்தான். இன்றைக்கு ஆர் எறிகிறான், ஆர் அடிக்கிறான், மைதானம் சின்னனோ, காற்று எந்தப் பக்கம் என்று அந்த மேசையில் நாளும் சண்டை பிடிப்போம்.

"எறியிறவன்ரை கையைப் பாருங்கோ மச்சாள், பேரைப் பாராதேங்கோ" என்பாய்.

கையைப் பார்த்துத்தான், ஒருவரும் சீண்டாமல் கிடந்த இடக்கையால் எறிகிற ஒரு நெட்டையனை நான் எடுத்தேன். இடக்கையால் அடிக்கிறவங்கள் அவனுக்கு முன்னால் நடுங்கினாங்கள். உனக்கு வயிறு எரிந்தது.

பிறகு என்ரை மனுசன், உன் அண்ணன், போனார். நீ வந்து பக்கத்தில் குந்தினாய்.

"செத்தவீட்டுத் துடக்கோடை என்ன விளையாட்டு? போனை இஞ்சை தாங்கோ. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் உங்கடை அணியை நான் பாக்கிறன்."

"அவர் உனக்கும் அண்ணன்தானே?"

"நான் வெளியிலை கட்டிப் போனவள். எனக்கு உங்களைப் போலத் துடக்கில்லை."

தந்தேன். அந்தியேட்டி முடிந்து பார்த்தால் நெட்டையன் உன் அணியில் நிற்கிறான். கேட்டதற்கு, வடையைக் கடித்துக்கொண்டு, "தோள் நோ எண்டாங்கள், கழட்டி விட்டன். பிறகு சுகமாயிட்டுது, எடுத்தன்" என்றாய். அதற்குப் பிறகும் உன்னோடு தேத்தண்ணி குடித்தேன். மன்னித்து இல்லை. பக்கத்தில் இருந்தால்தானே பழிவாங்கலாம்.

நீ முந்திவிட்டாய். உன் செத்தவீடு முடிந்து உன் மகள் போன் எடுத்தாள்.

"மாமி, நாங்கள் துடக்கிலை நிக்கிறம். உங்களுக்கு இல்லைத்தானே? அம்மாடை அணியை நீங்களே பாருங்கோ." பாஸ்வேர்டையும் தந்தாள்.

சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சிரித்தேன், மச்சாள். அந்த நிமிசமே நெட்டையனைக் கழற்றி என் அணிக்கு எடுத்தேன். மற்ற ஆட்களைத் தொடவில்லை. ஆள் பார்க்காத அணியைத்தானே வென்றாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. அதனால் ஒவ்வொரு நாளும் ஆர் ஆட, ஆர் இருக்க என்று உன் அணியை முதல் அடுக்கி, பிறகுதான் என்னுடையதை அடுக்குகிறேன்.

இந்தக் கிழமை ஏழு நாளும் உன் அணியும் என் அணியும் நேருக்கு நேர். இதுவரை சரிக்குச் சரி. இன்றைக்கு நெட்டையன் எறிகிறான். அவனுக்கு முன்னால் அடிக்க நிற்பது உன் அணியில் இருக்கிற ஒரு மொத்தன், வலக்கைக்காரன்; அவனுக்கு நெட்டையனில் பயமில்லை. மைதானம் சின்னன், காற்றும் வெளியே அடிக்குது, பட்டால் பந்து பறக்கும். மொத்தனை அணியில் போடாமல் விட்டால் நான் வென்ற மாதிரி. விரல் போனில் அப்படியே நின்றது. போட்டுவிட்டேன். தோற்கடித்தால் உன்னை முழுசாய்த் தோற்கடிக்க வேணும்.

விடிந்து எழுதுகிறேன். மொத்தன் நெட்டையன்ரை பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பியிருக்கிறான். இரண்டு தரம். இந்தக் கிழமை வெற்றி உனக்குப் போச்சு.

நான் அடுக்கித் தந்த அணியாலேயே என்னை வென்றுவிட்டாய், கள்ளி. இலை கொட்டி ஆட்டப் பருவம் முடியுமட்டும் இன்னும் கிழமைகள் கிடக்கு. இன்றைக்கும் உன் அணியைத்தான் முதல் அடுக்கினேன். மன்னித்து இல்லை.